வேலி இல்லாத காப்பகங்கள்: ஐரோப்பாவின் இயற்கைச் சட்டம் நெதர்லாந்தைத் தடுத்து நிறுத்தியது எப்படி?

நெதர்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றமாகச் செயல்படும் அரச ஆலோசனை மன்றம் 2019 மே 29 அன்று அளித்த ஒரு தீர்ப்பு, அந்நாட்டில் வீடு கட்டுவோர், சாலை அமைப்போர், மாடு வளர்ப்போர் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒரே நாளில் காத்திருக்க வைத்தது. சுமார் 18,000 கட்டுமான, உள்கட்டமைப்புத் திட்டங்கள் தடைபடும் நிலை ஏற்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. ஆனால், வழக்கின் மையத்தில் இருந்தவை வீடுகளோ சாலைகளோ அல்ல. ஹெதர் எனப்படும் குட்டைப் புதர்ச்செடி வளரும் மணல்வெளிகள், மழைநீரை மட்டுமே உண்டு வாழும் கரிச்சதுப்புகள், கடலோர மணற்குன்றுகள் ஆகியவற்றின் மீது காற்றிலிருந்து படியும் நைட்ரஜனே வழக்கின் பொருள்.

ஒரு காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, பல கிலோமீட்டர் தொலைவில், தன் சொந்த நிலத்தில் மாட்டுத் தொழுவம் கட்டும் ஒருவரை அந்தக் காப்பகத்தின் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது? இதற்கான விடை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'நேச்சுரா 2000' என்னும் வலையமைப்பின் இயல்பில் இருக்கிறது.

நேச்சுரா 2000 என்பது என்ன?

இந்த வலையமைப்பு இரண்டு சட்டங்களின் மேல் நிற்கிறது. முதலாவது, 1979-இல் இயற்றப்பட்ட பறவைகள் பாதுகாப்பு ஆணை. இரண்டாவது, 1992 மே மாதம் ஏற்கப்பட்ட வாழிடங்கள் பாதுகாப்பு ஆணை. இவற்றின்கீழ் உறுப்பு நாடுகள் அறிவித்துள்ள இடங்கள் ஏறத்தாழ 27,000. ஒன்றியத்தின் நிலப்பரப்பில் 18 விழுக்காட்டுக்கும் அதிகமான பகுதி இதில் அடங்கும். கடற்பரப்பில் இது ஏறத்தாழ 9 விழுக்காடு. பங்களிப்பு நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபடுகிறது. ஸ்லோவேனியா, குரோவேஷியா ஆகிய நாடுகளில் நிலப்பரப்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பகுதி இந்த வலையமைப்புக்குள் இருக்கிறது.

தேசியப் பூங்கா என்றதும் வனத்துறையின் சோதனைச்சாவடியும் நுழைவுத் தடையும் இந்திய வாசகருக்கு நினைவுக்கு வரலாம். நேச்சுரா 2000 அப்படிப்பட்டதன்று. இந்த இடங்களில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானவை. அவற்றுக்குள் கிராமங்கள் உள்ளன, வயல்கள் உள்ளன, மீன்பிடித்தலும் மரம் வெட்டுதலும் நடைபெறுகின்றன. சில இடங்களில் மனிதர் விலகினால்தான் கேடு. மேற்கு ஐரோப்பாவின் ஹெதர் வெளிகள் காட்டை அழித்து, நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்து உருவானவை. மேய்ச்சல் நின்றுவிட்டால் சில பத்தாண்டுகளில் அங்கு மரங்கள் முளைத்துவிடும். எனவே ஜெர்மனியின் லூனெபர்க் ஹெதர் வெளியில் இன்றும் உள்ளூர் ஆட்டினம் மேய்க்கப்படுகிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் புல் அறுக்கப்படும் பழைய புல்வெளிகளின் கதையும் இதுவே.

அப்படியானால் இச்சட்டம் எதைத் தடுக்கிறது? செயல்களின் பட்டியல் ஒன்றைப் போட்டு இன்னின்னது கூடாது என்று அது சொல்வதில்லை. வாழிடங்கள் ஆணையின் 6-ஆவது பிரிவு ஒரு கேள்வியைக் கேட்கிறது: இந்தத் திட்டம், தனியாகவோ பிற திட்டங்களுடன் சேர்ந்தோ, பாதுகாக்கப்பட்ட இடத்தின் முழுமையைக் கெடுக்குமா? கெடுக்காது என்று உறுதியானால் மட்டுமே அனுமதி. கெடுக்கும் என்றால், மாற்று வழி இல்லை என்பதையும் பொதுநலன் சார்ந்த தவிர்க்கவியலாத காரணம் இருப்பதையும் காட்டி, இழப்பை வேறிடத்தில் ஈடு செய்ய வேண்டும். திட்டம் எங்கே அமைகிறது என்பது இந்தக் கேள்வியில் இடம்பெறவில்லை. அதன் விளைவு எங்கே சென்று சேர்கிறது என்பதே கேட்கப்படுகிறது.

மட்டி எடுத்தோர் வழக்கு

இந்தக் கேள்விக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது 2004-இல்தான் தெளிவானது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரைகளை ஒட்டி நீளும் வாடன் கடலில், கடல் வற்றும்போது பரந்த சேற்றுவெளி வெளிப்படும். வலசைப் பறவைகள் இலட்சக்கணக்கில் இங்கு இரை தேடுகின்றன. நெதர்லாந்துப் பகுதியில் கப்பல்கள் இயந்திரங்களைக் கொண்டு சேற்றைக் கிளறி மட்டிகளை உறிஞ்சி எடுத்து வந்தன. இதற்கு அரசு ஆண்டுதோறும் உரிமம் வழங்கியது. மட்டியை உண்டு வாழும் சிப்பிபிடிப்பான், ஈடர் வாத்து ஆகிய பறவைகள் பட்டினி கிடக்கின்றன என்று இரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன.

பல ஆண்டுகளாக நடந்துவரும் தொழில், ஒவ்வோர் ஆண்டும் உரிமம் பெறுவதால், ஒவ்வொரு முறையும் புதிய 'திட்டம்' ஆகும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2004 செப்டம்பர் 7 அன்று கூறியது. தீங்கு இல்லை என்பதில் அறிவியல் அடிப்படையிலான நியாயமான ஐயம் எதுவும் எஞ்சாதபோது மட்டுமே அனுமதிக்கலாம் என்றும் அது தீர்ப்பளித்தது. அதாவது, தீங்கை நிறுவும் பொறுப்பு எதிர்ப்பவருக்கு இல்லை. தீங்கின்மை உறுதிப்பட வேண்டும். இயந்திர மட்டிப்பிடிப்பு 2005 முதல் நெதர்லாந்தின் வாடன் கடலில் நின்றுபோனது. தொழில் செய்தோருக்கு அரசு இழப்பீடு வழங்கியது. கையால் மட்டி எடுப்பது மட்டும் கட்டுப்பாடுகளுடன் தொடர்கிறது.

அதே அளவுகோல் பிற நாடுகளையும் எட்டியது. போலந்தின் பியாவோவியெஷா தொல்காட்டில், மரப்பட்டை வண்டின் தாக்குதலைக் காரணம் காட்டி, மரம் வெட்டும் அளவை ஏறத்தாழ மும்மடங்காக்க அந்நாட்டு அரசு 2016-இல் ஒப்புதல் அளித்தது. நீதிமன்றம் 2017 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில், தடையை மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் யூரோ அபராதம் என்று எச்சரித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று போலந்துக்கு எதிராக இறுதித் தீர்ப்பு வந்தது. ஸ்பெயினின் டோன்யானா சதுப்புநிலத்தைச் சுற்றி ஸ்ட்ராபெரி பயிரிடுவதற்காக நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்டதை 2021 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம் குறைகூறியது. பயிரிடுவோரைச் சார்ந்து வாழும் ஊர்களுக்கு மாற்று வழி காண்பதற்காக ஸ்பெயினின் மத்திய அரசும் அண்டலூசியா மாநில அரசும் 2023 நவம்பரில் 140 கோடி யூரோ உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன.

மட்டிக் கப்பல், மரம் வெட்டும் இயந்திரம், ஆழ்துளைக் கிணறு ஆகிய மூன்றையும் கண்ணால் பார்க்கலாம். நைட்ரஜனைப் பார்க்க இயலாது. சிக்கல் முற்றியது அங்கேதான்.

சாணத்திலிருந்து சதுப்புக்கு

டச்சு மொழியில் நைட்ரஜனின் பெயர் 'ஸ்டிக்ஸ்டாஃப்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மூச்சுத் திணறவைக்கும் பொருள்' என்று வரும். காற்றில் பெரும்பங்கு வகிக்கும் சாதாரண நைட்ரஜனால் எந்தக் கெடுதலும் இல்லை. சிக்கல் அதன் சேர்மங்களில் இருக்கிறது. மாடு, பன்றி ஆகியவற்றின் சாணமும் சிறுநீரும் கலக்கும்போது அம்மோனியா எழுகிறது. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை ஆகியவற்றிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வருகின்றன. இவை காற்றில் பரவி, மழையோடும் மழையின்றியும் மண்ணில் படிகின்றன.

உழவர் விலை கொடுத்து வாங்கும் உரமும் இதே நைட்ரஜன்தான். வயலுக்கு நன்மை செய்வது சதுப்புக்குக் கேடாவது ஏன் என்றால், ஹெதர் வெளியும் கரிச்சதுப்பும் ஊட்டம் குறைந்த மண்ணில் வாழப் பழகியவை. ஊட்டம் கூடினால் புல்லும் செந்தட்டி போன்ற செடிகளும் செழித்து மற்றவற்றை மூடிவிடுகின்றன. மண் அமிலத்தன்மை அடைந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து போகிறது. சுண்ணாம்பு இல்லாத மண்ணில் நத்தைகள் குறைகின்றன. நத்தை ஓட்டைத் தின்று முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பைப் பெறும் பட்டாணிக் குருவிகள் மெல்லிய ஓடுள்ள முட்டைகளை இடுகின்றன. அமிலப் படிவால் நேர்ந்த இந்தச் சங்கிலித் தொடரை நெதர்லாந்துக் காடுகளில் ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே பதிவு செய்தனர்.

ஒவ்வொரு வாழிட வகையும் எவ்வளவு நைட்ரஜனைத் தாங்கும் என்பதற்கு 'நெருக்கடிப் படிவு அளவு' என்றொரு கணக்கு உண்டு. உயிர்ப்புள்ள உயர் கரிச்சதுப்புக்கு அது ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கிலோ. 2018-இல் நெதர்லாந்தின் சராசரிப் படிவோ 20 கிலோவைத் தாண்டியிருந்தது.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கேரளத்தைவிடச் சற்றே பெரிய அந்த நாட்டில் ஒரு கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான மக்களோடு ஏறத்தாழ 40 இலட்சம் மாடுகளும், ஒரு கோடிக்கும் அதிகமான பன்றிகளும் வாழ்கின்றன. பண மதிப்பில், உலகில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய வேளாண் ஏற்றுமதி நாடு அது. நாட்டில் படியும் நைட்ரஜனில் ஏறத்தாழ பாதி உள்நாட்டு வேளாண்மையிலிருந்து வருகிறது. மூன்றில் ஒரு பங்கு அயல்நாடுகளிலிருந்து வருகிறது. இந்த அயல்நாட்டுப் பங்கை உழவர் அமைப்புகள் அடிக்கடி சுட்டிக்காட்டுகின்றன. ஆனால், நெதர்லாந்து காற்றின் வழியே பெறுவதைவிட அதிகமான நைட்ரஜனை அண்டை நாடுகளுக்கு அனுப்புகிறது என்பதும் உண்மை.

14 கிராம்

இந்த நிலையில் அரசு 2015 ஜூலையில் 'நைட்ரஜன் அணுகுமுறைத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. தொழுவங்களில் புதிய தொழில்நுட்பமும் காப்பகங்களில் சீரமைப்புப் பணிகளும் சேர்ந்து எதிர்காலத்தில் படிவைக் குறைக்கும். அவ்வாறு குறையப்போகும் அளவில் ஒரு பகுதியைப் புதிய தொழுவங்களுக்கும் சாலைகளுக்கும் இன்றே பகிர்ந்தளிக்கலாம் என்பது அதன் அடிப்படை. வராத சம்பளத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கும் கணக்கு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அதில் சிறு உழவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. ஒருவரது விரிவாக்கத்தால் காப்பகத்தின் மேல் கூடுதலாகப் படியும் நைட்ரஜன் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒரு மோலுக்கு மேற்படாவிட்டால், அவர் அனுமதி பெற வேண்டியதில்லை. அரசுக்குத் தகவல் தெரிவித்தால் போதும். ஒரு மோல் என்பது 14 கிராம். பத்தாயிரம் சதுர மீட்டர் நிலத்தில், ஓர் ஆண்டு முழுவதும், 14 கிராம். உழவர்கள் படிவத்தை நிரப்பி அனுப்பினர், வங்கியில் கடன் வாங்கினர், தொழுவம் கட்டினர்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 நவம்பரில் இந்த அணுகுமுறையை ஆய்ந்தது. இன்னும் நிகழாத, பலன் உறுதியாகத் தெரியாத நடவடிக்கைகளை நம்பி இன்று அனுமதி வழங்க இயலாது என்பது அதன் சாரம். அதைப் பின்பற்றி, 2019 மே 29 அன்று அரச ஆலோசனை மன்றம் முழுத் திட்டத்தையும் செல்லாததாக்கியது. 2004-இல் மட்டிக் கப்பல்களுக்குப் பொருத்திய அளவுகோலின் நேர்நீட்சி இது. சட்ட வல்லுநர் பலருக்கு இது வியப்பளிக்கவில்லை; திட்டம் தொடங்கும் முன்பே அரச ஆலோசனை மன்றத்தின் ஆலோசனைப் பிரிவு தயக்கங்களைத் தெரிவித்திருந்தது.

திட்டம் விழுந்ததும் வரம்பும் விழுந்தது. அதன் பின்னர் நெதர்லாந்தில் அனுமதிக்கான கணினிக் கணக்கீடு ஹெக்டேருக்கு 0.005 மோல் வரை, அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு வரை, கருத்தில் கொண்டது. எல்லை கடந்து ஜெர்மனிக்குச் சென்றால் நடைமுறையில் உள்ள வரம்பு 300 கிராம். ஒரே ஐரோப்பிய ஆணையின்கீழ் இரு அண்டை நாடுகளில் இவ்வளவு வேறுபாடு எதனால் என்ற உழவர்களின் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், தாங்கும் அளவை ஏற்கெனவே பன்மடங்கு கடந்துவிட்ட இடத்தில் சிறு கூடுதல்கூட கூடுதல்தான் என்ற நீதிமன்றத்தின் தர்க்கத்திலும் ஓட்டை காண்பது கடினம். ஒவ்வொருவரும் 14 கிராம் மட்டுமே சேர்க்கிறார் என்றாலும், சேர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

வேகக் கட்டுப்பாடும் டிராக்டர்களும்

வீடு கட்டும் திட்டங்களுக்குச் சிறிது நைட்ரஜன் இடம் தேடிய அரசு, நெடுஞ்சாலைகளில் பகல் நேர வேகத்தை 2020 மார்ச் முதல் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைத்தது. அதுவரை பல சாலைகளில் 130 வரை செல்லலாம். நத்தைக்காகக் காரோட்டிகள் மெதுவாகச் செல்ல நேர்ந்ததைக் கேலி செய்தோர் உண்டு. கட்டுமானப் பணிகளின்போது வெளியாகும் நைட்ரஜனுக்கு அரசு அளித்த விலக்கையும் 2022 நவம்பர் 2 அன்று அரச ஆலோசனை மன்றம் நீக்கியது. அந்த வழக்குக்கு உரியது, ராட்டர்டாம் துறைமுகத் தொழிற்சாலைகளின் கரியமில வாயுவை வடகடலின் அடியில் சேமிக்கும் 'போர்தோஸ்' திட்டம். பருவநிலையைக் காக்கும் திட்டம், இயற்கையைக் காக்கும் சட்டத்தால் ஏறத்தாழ ஓராண்டு தடைபட்டது. தனி ஆய்வுக்குப் பின் 2023 ஆகஸ்டில்தான் அதற்கு வழி பிறந்தது.

உழவர்கள் 2019 அக்டோபர் 1 அன்று டிராக்டர்களுடன் தி ஹேக் நகருக்குள் நுழைந்தனர். 2022 ஜூன் 10 அன்று அரசு ஒரு வரைபடத்தை வெளியிட்டது. நைட்ரஜன் வெளியேற்றத்தை 2030-க்குள் நாடு முழுவதும் பாதியாகக் குறைக்கும் இலக்கு அதில் பகுதி வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது: 12 முதல் 70 விழுக்காடு வரை, காப்பகங்களை ஒட்டிய இடங்களில் 95. தன் பண்ணை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் பொருள் உடனே விளங்கியது. அந்தக் கோடையில் கிராமச் சாலைகளெங்கும் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட தேசியக் கொடிகள் காட்சியளித்தன. 2019-இல் தொடங்கப்பட்ட உழவர்-குடிமக்கள் இயக்கம் என்னும் கட்சி 2023 மார்ச் 15 அன்று நடந்த மாகாணத் தேர்தலில் 12 மாகாணங்களிலும் முதலிடம் பெற்றது.

அதே ஆண்டு மே மாதம், தொழிலை விட்டு விலக விரும்பும் கால்நடை வளர்ப்போருக்கு ஈடு வழங்கும் இரு திட்டங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் அளித்தது. மொத்தத் தொகை 147 கோடி யூரோ. சேர்வது உழவரின் விருப்பம். சேர்ந்தால் அதே வகைக் கால்நடை வளர்ப்பை நெதர்லாந்திலோ ஒன்றியத்தின் வேறெந்த நாட்டிலோ அவர் மீண்டும் தொடங்கக் கூடாது. பல தலைமுறையாகப் பண்ணை நடத்தும் குடும்பத்துக்கு இந்த நிபந்தனை பணத்தைவிடக் கனமானது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் 2021-இல் ஒரு தீர்ப்பு இதே வரிசையில் வந்தது. 2023 மார்ச்சில் டிராக்டர்கள் பிரஸ்ஸல்ஸ் நகரை அடைந்தன.

2024 ஜூலையில் பொறுப்பேற்ற புதிய கூட்டணி அரசில் உழவர்-குடிமக்கள் இயக்கமும் இடம்பெற்றது. கிராமப்புற மாற்றத்துக்கென முந்தைய அரசு ஒதுக்கத் திட்டமிட்டிருந்த ஏறத்தாழ 2,400 கோடி யூரோ நிதியை அது கைவிட்டது. ஆனால் ஆட்சி மாறினாலும் ஆணை மாறவில்லை. கிரீன்பீஸ் அமைப்பு தொடுத்த வழக்கில் தி ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2025 ஜனவரி 22 அன்று தீர்ப்பளித்தது. நைட்ரஜனால் எளிதில் பாதிக்கப்படும் இயற்கைப் பரப்பில் பாதியையேனும் 2030 முடிவதற்குள் நெருக்கடி அளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தவறினால் ஒரு கோடி யூரோ அபராதம். இந்த இலக்கு புதிதன்று. நாடாளுமன்றமே சட்டமாக எழுதி வைத்திருந்ததுதான்.

14 கிராம் வரம்பை நம்பித் தகவல் மட்டும் தெரிவித்த உழவர்களின் நிலை இவற்றுக்கு இடையே தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். அரசு சொன்ன விதியை அவர்கள் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினர். தீர்ப்பு வந்த நாளில், ஒரு மாட்டையும் கூடுதலாக வாங்காமலே, அனுமதியற்ற தொழில் நடத்துவோர் ஆயினர். அனுமதி இல்லாத தொழுவத்தின் பேரில் புதிய கடன் பெறுவதும் பண்ணையை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதும் அவர்களுக்கு எளிதாக இல்லை. அவர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று மாகாண அரசுகளைக் கோரி வழக்காடி வருகிறது. இவர்களின் நிலையைச் சட்டபூர்வமாக்கப்போவதாக அரசு வாக்களித்தது. அதற்குத் தேவையான நைட்ரஜன் இடத்தை வேறொருவரின் தொழுவத்தை மூடித்தான் பெற முடியும். சட்டம் குறித்த காலக்கெடு 2025 பிப்ரவரி இறுதியில் முடிந்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு அனுமதி வந்து சேர்ந்திருக்கவில்லை.